பேர் போடாத கம்பிகள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சவுரியம்மாள் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு 1988இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. விழுப்புரத்தில் ஏஜென்சி வைத்திருந்த தேவநாதன்தான் கொண்டுவந்து மாடியில் வைத்துக் கொடுத்தார். சவுரியம்மாள் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்று சட்டம் வைத்தார். பாடம் சொல்லித்தர அம்சா வந்தாள். வளவனூரில் கரும்பு வைக்கும் குடும்பத்துப் பெண். விழுப்புரம் காலேஜில் பிசிக்ஸ் முடித்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தாள்.

பொங்கலுக்குள் மாடி அறை நிரம்பிவிட்டது. இடமில்லாமல் பெண்கள் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அதுதான் வினையாகிப் போனது. கூட்டத்தைப் பார்த்த தேவநாதன் அதே ஊரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தானே ஒரு சென்டர் திறந்தார். திறந்த கையோடு சவுரியம்மாளிடம் வந்து, கம்ப்யூட்டர் வகுப்பை நிறுத்திவிட்டுப் பெண்களைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். சவுரியம்மாள் முடியாது என்றார்.

ஒரு திங்கட்கிழமை சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த தேவநாதன், கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருந்த பூட்டில் சாவியைப் போட்டுத் திருகி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெஷின் உங்களுதுதாம்மா, இல்லன்னு சொல்லல. சாவி எங்கிட்ட இருக்கும். பொண்ணுங்கள அனுப்பி வைங்க, அப்பறம் பேசிக்கலாம்."

பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீல் காகிதத்தையும் காட்டினார். அது கிழிந்தால் அதற்கப்புறம் என்ன ரிப்பேர் என்றாலும் தன் ஆள் வரமாட்டான் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கீபோர்டு பூட்டியிருக்கிறது, திறக்கவும் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். எதைத் தட்டினாலும் அசையாது. சவுரியம்மாள் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று தேவநாதனின் ஆட்கள் ஊரில் பேச்சைப் பரப்பினார்கள். ஒவ்வொருத்தியாக ஸ்டேஷன் பக்கம் போக ஆரம்பித்தாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் பவுனு மட்டும் வழக்கம்போல வந்து, பேசாத கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். நீயும் அங்கே போய்ப் படி, படிப்பு கெட வேண்டாம் என்று அம்சாவே சொல்லிப் பார்த்தாள்.

"பூட்டிக்கினு போனவங்கிட்ட போயி கத்துக்கணுமா மிஸ்? நான் போவ மாட்டேன்" என்றாள் பவுனு.

அந்தப் பதில் அம்சாவைச் சுட்டது. பூட்டு பெட்டியின் முகப்பில் இருக்கிறது, கீபோர்டு மேசை மேல் இருக்கிறது. பூட்டு கீபோர்டை நிறுத்துகிறது என்றால் உள்ளே ஒரு கம்பி போயாக வேண்டும். பூட்டு என்று பேர் வைத்திருந்தாலும் அது வெறும் சுவிட்சுதான். கீழே போய் சவுரியம்மாளிடம், பெட்டியைத் திறந்து அந்தக் கம்பியைக் கழற்றலாம் என்று சொன்னாள்.

"திறந்து கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டாலும் கெடும்மா. இப்ப மட்டும் இன்னா வேலையா செய்யுது?"

சவுரியம்மாள் எழுந்தார். பிறகு மாடியேறி வந்து, தன் கட்டைவிரல் நகத்தாலேயே அந்தச் சீல் காகிதத்தைக் கீறிக் கிழித்தார்.

மூடியைக் கழற்றினார்கள். முகப்பிலிருந்து வந்த கம்பிகள் எல்லாமே கறுப்பு. ஒரே கட்டாக முறுக்கி, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டின் ஓரத்தில் நின்ற ஊசி ஊசியான பின்களில் செருகியிருந்தது. பின்களுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டால் பூட்டு ஒழிந்துவிடும். ஆனால் விளக்கும் எரியாது, ஸ்பீக்கரும் கத்தாது. தொட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று தேவநாதன் ஊரெல்லாம் சொல்வார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க அம்சாவுக்கு மனமில்லை.

கரண்டை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, தையல் பெட்டியிலிருந்து கலர் நூல் எடுத்து ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கலர் கட்டி, எது எந்தப் பின்னில் என்று குறித்துக்கொண்டாள். பிறகு கம்பிகளின் நுனியில் இருந்த குட்டி பிளக்குகளைப் பின்களிலிருந்து உருவினாள். டார்ச்சிலிருந்து எடுத்த பேட்டரியையும் பல்பையும் கொண்டு, காலேஜ் லேபில் செய்ததுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஜோடியைத் தொட்டதும் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் வந்தது. அது ஸ்பீக்கர். இன்னொன்றில், மெஷினை முதலிலிருந்து தொடங்க வைக்கும் ரீசெட் பட்டனைப் பவுனு அழுத்தியபோது மட்டும் பல்பு எரிந்தது. மூன்று கம்பி சேர்ந்திருந்தது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பட்டனுடையது. பட்டனை அழுத்த அழுத்த வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவியது. கடைசியாக மிஞ்சிய பிளக்கில் இரண்டு கம்பிகளைத் தொட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை. எரிந்துகொண்டே இருந்தது.

"இதான் பூட்டு. பூட்டி இருக்கறதாலதான் நிக்காம எரியுது" என்றாள் அம்சா.

அதே பிளக்கில்தான் முகப்பு விளக்கின் கம்பிகளும் இருந்தன. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பூட்டுக் கம்பியை மட்டும் நெம்பி வெளியே இழுத்தாள். மற்றதையெல்லாம் திரும்பச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

திரை கறுப்பாகவே இருந்தது.

சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்த அம்சா, டர்போ பிளக் ஒரு பின் தள்ளி உட்கார்ந்து ரீசெட் பின்னை மிதித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். ஸ்பீக்கர் ஒருமுறை கத்தியது, முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. பவுனு தன் பெயரைத் தட்டினாள். திரையில் அது வந்தது.

செய்தி கேட்டு தேவநாதன் அந்த வாரமே வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கிழிந்த சீல் காகிதத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். இனி இந்த மெஷினுக்கு ஒரு ஸ்குரூகூடத் தரமாட்டேன், பொம்பளைங்க நீங்க எத்தனை நாள் ஓட்டுவீங்க பார்க்கலாம் என்றார்.

அம்சா எழுந்திருக்கவில்லை.

"கெட்டா நாங்களே தொறந்து பாத்துக்கிறோம் சார். கிளாஸ் நடக்குது. செருப்ப கழட்டிட்டு வந்து உக்காருங்க, இல்ல கௌம்புங்க."

அவர் போய்விட்டார். சொன்னபடியே செய்யவும் செய்தார். மழைக்காலத்தில் பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளை யூனிட் புகைந்தபோது விழுப்புரத்திலிருந்து யாரும் வரவில்லை. அம்சாவும் பவுனுவும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் போய், மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் போன பெண்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. அதில் அம்சாவுக்கு வருத்தம்தான்.

ஆனால் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் முதல் நாள் கீபோர்டைக் காட்டவில்லை. பெட்டியை மேசை நடுவில் வைத்து, ஸ்குரூ டிரைவரை முதல் வரிசைப் பெண்ணின் கையில் கொடுத்து, கழற்றச் சொன்னாள்.