பாதி பாரம்

கிழக்கு வெளுப்பதற்குள்ளேயே சலவைக்கூடத்தில் நீராவி கூரையை முட்டிக்கொண்டிருந்தது. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. பிழியும் இயந்திரத்திலிருந்து இரண்டு பெண்கள் ஈரத் துணியை இழுத்துப்போட, மற்றவர்கள் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் முதுகுவழியே இறங்கிக் கால்வரை நனைத்தது. சோப்புக் காரம் விரலிடுக்குகளை அரித்துத் தின்றிருந்தது.

பெரியக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பதினோரு வருடம் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவள். ஏழு வாரத்துக்கு முன்னால், சுமையோடு ஓடும்போது உடைந்த வடிகால் மூடிக்குள் அவளுடைய வலது கால் இறங்கியது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த சத்தம், அத்தனை இரைச்சலிலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று தன் காலைப் பார்த்து அவளே பயந்துபோனாள். கெண்டைக்கால் சூம்பி, தோல் உரிந்து, வேறு யாரோ ஒருவருடைய கால்போல இருந்தது. "எலும்பு கூடிடுச்சும்மா. ஆனா ஆறு வாரத்துக்குப் பாதி பாரம்தான் வைக்கணும். உக்காந்து செய்யற வேலைன்னா போங்க" என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார்.

அவள் நீட்டிய கடிதத்தை முதலாளி மேலோட்டமாகப் பார்த்தார்.

"உக்காந்துக்க இது என்ன சினிமாக் கொட்டகையா?"

"துணி மடிக்கிற மேஜை இருக்கே, ஐயா. ஸ்டூல் போட்டு மடிச்சிடுவேன்."

"அதுக்கு ஆள் இருக்கு. மெஷின்ல நிக்க முடியலைன்னா இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

ஒரு தாளைத் தள்ளினார். வீட்டுப் படிக்கட்டில் தவறி விழுந்ததால் தானாகவே வேலையை விட்டு நிற்பதாக அதில் எழுதியிருந்தது. பெரியக்கா இரண்டு தடவை படித்தாள்.

"எங்க வீட்டுல படிக்கட்டே கிடையாதே, ஐயா."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

"அப்ப போய் மெஷின்ல நில்லு!"

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். வடிகால்மேல் ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். ஓரத்தை மிதித்ததும் அது ஆடியது. முதல் விரிப்பை இழுத்தபோது கணுக்காலில் தொடங்கிய வலி இடுப்புவரை ஏறியது. இரண்டாவதை இழுத்தபோது கண் இருட்டியது.

எதிரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தவள் அவள் நாத்தனார்தான்.

"விடுங்க, அண்ணி."

"விட்டா வெளிய போகணும்டி."

நாத்தனார் துணியைக் கீழே போட்டாள். "அன்னிக்கு முதலாளி ஒரு சத்தம் போட்டதும், உங்களை ஓரமாப் படுக்க வெச்சிட்டு நான் மறுபடி துணி இழுக்கப் போயிட்டேன். இன்னும் உறுத்துது, அண்ணி." அவள் கை நீண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தியது. இயந்திரம் முனகி நின்றது.

"யாருடி நிறுத்தினது?"

முதலாளி ஓடி வந்தார். இஸ்திரிப் பக்கமும் நின்றது. கரி படிந்த கைகளோடு வந்த பாய்லர்க்காரர், "நீராவியை அடைச்சிட்டேன், ஐயா" என்றார்.

"விடுதி வண்டி வர்ற நேரம்! வெளிய வேலைக்கு ஆள் வரிசையா நிக்குது, தெரியுமில்ல?"

"வரட்டும். அவங்களுக்கும் எலும்புதானே இருக்கு? அந்தப் பள்ளத்தை நாங்களே காட்டறோம்" என்றாள் துணி சுமந்துகொண்டிருந்த ஒருத்தி.

"மூடியை மாத்துங்க. அண்ணிக்கு ஸ்டூல் போடுங்க. இங்க விழுந்தாங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள் நாத்தனார். "அதுவரைக்கும் யாரும் தொடமாட்டோம்."

முதலாளி அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். உள்ளே அவர் போனில் கத்துவது கேட்டது.

பெண்கள் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். பெரியக்காவின் கால் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. ஒருத்தி மூட்டையொன்றை இழுத்துப் போட்டு, அந்தக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"பயமா இருக்கா, அண்ணி?"

"இருக்குடி. உனக்கு?"

"எனக்கும்தான்" என்று நாத்தனார் நெருங்கி உட்கார்ந்தாள்.

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.