சைக்கிளுக்கு மதிப்பெண் இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்தில் சைக்கிளில் வருகிறவர் இபு வினார்சி ஒருவர்தான். கணக்கு டீச்சர். எங்கள் ஜாவாவில் பெண்களை இபு என்றும் ஆண்களை பாக் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவோம். வீடு இமோகிரி மேட்டுக்கு அந்தப் பக்கம். மேடேறி, இறங்கி, வயல்களைத் தாண்டி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போய்விடுவார். மற்ற எல்லோரும் மோட்டார் சைக்கிள்தான். வாசலில் இறங்கினால் அடுத்தது நாற்காலி.

புதிதாக வந்த தலைமையாசிரியர் எங்கள் தொப்பைகளைப் பார்த்துக் கவலைப்பட்டு, ஆளுக்கொரு உடற்பயிற்சிக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். கையில் கட்டிக்கொண்டால் நடக்கிற அடிகளை எண்ணிப் போனுக்கு அனுப்பிவிடும். மாதக் கடைசியில் யாருக்கு அதிக அடியோ, அவருக்கு மற்றவர்கள் விருந்து வைக்க வேண்டும்.

வினார்சிதான் ஜெயிப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். முதல் நாள் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கியவருடைய மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. வெகுநேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள், எழுந்து கொஞ்சம் நடக்கலாமே என்று எழுதிக் காட்டியது.

அன்று முதலிடம் பாக் துகிமானுக்கு. அவர் இசை ஆசிரியர். கமெலான் வாத்தியக் குழுவில் கெண்டாங் மேளம் வாசிப்பவர். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் பள்ளி மணி அடித்தாலும் எழுந்திருக்க யோசிக்கிற மனிதர். மேளத்தில் அவர் கை ஆடிய ஆட்டத்தையெல்லாம் கடிகாரம் நடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

“உக்காந்த இடத்துல இருந்தே பாதி ஜாவாவ நடந்து முடிச்சிட்டேன், இபு. காலு கொஞ்சம்கூட வலிக்கல” என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டே.

வினார்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பான விடைக்கு முழு மதிப்பெண் போவதை எந்தக் கணக்கு டீச்சர் பொறுப்பார்? விசாரித்துப் பார்த்தார். கடிகாரம் எண்ணுவது கை வீச்சைத்தானாம். ஹேண்டில்பாரைப் பிடித்த கை எங்கே வீசும்? மறுநாள் கடிகாரத்தைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மிதிக்கு மிதி எண்ணிக்கை ஏறியது.

ஆனால் வழியில் தெம்பே என்கிற சோயாக் கட்டி விற்கிறவள் அந்தக் காலைப் பார்த்துவிட்டாள். டிவித் தொடரில் ஜாமீனில் விட்ட குற்றவாளிகளுக்குக் காலில் ஏதோ மாட்டுவார்களே, அது அவள் நினைவுக்கு வந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் வினார்சி வீட்டுக்குப் போனால், கணவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “என்ன செஞ்சே? எங்கிட்டயாவது சொல்லேன், வக்கீலப் பாக்கலாம்.”

கடிகாரம் மறுபடி கைக்கு ஏறியது.

கடிகாரத்துக்குள்ளேயே சைக்கிள் என்று ஒரு பிரிவு இருப்பதை யாரோ காட்டிக் கொடுத்தார்கள். அதை அழுத்திவிட்டு ஓட்டினால் தூரத்தையும் இதயத் துடிப்பையும் அழகாகக் குறித்தது. அடி மட்டும் ஏறவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டதற்கு, போட்டி அடிகளுக்குத்தானே இபு என்று மிகுந்த மரியாதையோடு கையை விரித்துவிட்டார்.

துகிமான் பக்கத்தில் நின்று மீசைக்குள் சிரித்தார். வினார்சி அவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு என்கூட சைக்கிள்ல வாங்க, பாக். அதுக்கப்புறம் சிரிங்க.”

ஆசிரியர் அறையே கேட்டுக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. அவர் வீடும் அந்தப் பக்கம்தான். மைத்துனரிடம் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு காலையில் வந்து சேர்ந்தார். முதல் வளைவுவரை பேசிக்கொண்டே வந்தாராம். அடுத்த வளைவில் பேச்சு நின்றது. அதற்கடுத்த வளைவில் சைக்கிளும் நின்றது. மிச்ச மேடு முழுவதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். உச்சியில் மூச்சு வாங்க நின்று மணிக்கட்டைப் பார்த்தவர், பார்த்தபடியே இருந்தார்.

“இவ்வளவு மேட்டையும் என் சொந்தக் காலால நடந்திருக்கேன், இபு. ஒண்ணுமே ஏறல.”

தள்ளுகிற கையும் வீசுவதில்லை அல்லவா! வினார்சி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

பள்ளிக்கு வந்ததும் துகிமான் முகம்கூடக் கழுவாமல் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார். “நடக்காதப்ப நடந்தேன்னுது. நடந்தப்ப இல்லேங்குது. இத நம்பியா பாக் விருந்து வைக்கிறது?” என்றார். தனக்குச் சாதகமான விதியை ஒருவர் தானே வந்து எதிர்ப்பதைத் தலைமையாசிரியர் அதுவரை கண்டதில்லை போலும். உடனே மாற்றினார். இனி அடிக் கணக்கு வேண்டாம்; இதயம் வேகமாகத் துடிக்கிற நேரத்துக்குத்தான் மதிப்பெண். எந்தப் பயிற்சியானாலும் சரி.

இப்போதாவது நியாயம் கிடைத்ததே என்று வினார்சி நிம்மதியாக மிதித்தார். அவருடைய இதயமோ அந்த மேட்டை வருஷக்கணக்கில் பார்த்துப் பழகிய இதயம். அது பாட்டுக்கு அமைதியாக அடித்துக்கொண்டிருந்தது. கடிகாரம் அதை உலாவல் என்று எழுதிவைத்தது. துகிமானுக்கு மேட்டடியில் தொடங்கிய படபடப்பு பள்ளியில் வந்து தேநீர் குடிக்கும்வரை அடங்குவதில்லை. மதிப்பெண் கொட்டியது. அந்த ஆசையிலேயே தினமும் சைக்கிளில் வந்தார். மாதக் கடைசியில் அவர் முதலிடம், வினார்சி மூன்றாமிடம்.

உங்கள் இதயம் அவ்வளவு நல்ல இதயம், அதனால்தான் என்று தலைமையாசிரியர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

“அப்ப ஒடம்பு கெட்டுப்போனாத்தான் நான் பாஸாவேனா, பாக்?” என்று கேட்டார் வினார்சி. கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விருந்துக்கு என்ன வேண்டும் என்று துகிமான் வினார்சியையே சொல்லச் சொன்னார். ஆட்டுக்கறி சத்தே என்றார். இரும்புக் கம்பியில் குத்திச் சுட்டு இலை விரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். துகிமான் மனைவியும் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக வினார்சி பக்கத்தில் உட்கார்ந்து முறையிட்டார்.

“உங்களோட சேந்ததுல இருந்து இவரோட பேன்ட் எதுவும் இடுப்புல நிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் நாந்தான் பிரிச்சுப் பிடிச்சுத் தெக்கிறேன்.”

வினார்சி கம்பியிலிருந்து ஒரு துண்டை உருவி வாயில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த துகிமானின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்தார்.

“அவசரப்படாதீங்க. மழைக்காலம் வரட்டும், சேத்துல மிதிக்கணும். அப்புறமா ஒரேயடியாத் தெச்சுக்கலாம்.”