கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடம்

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, கோலா கெத்திலுக்கு அருகே இருந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, கேட்டைத் தாண்டும் எல்லோரையும் தடவிச் சோதித்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்தது.

அழகம்மாவின் மகள் பிரேமாவதிக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சொன்னதையே திருப்பிச் சொல்வாள். பழகாத கை மேலே பட்டால் துடித்துப் போவாள். காத்து சேட்டை என்றார்கள் சிலர். "நாலு போடு, சரியாயிடும்" என்றார்கள் மற்றவர்கள்.

பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து வந்த கதீஜா, முதல் நாள் பிரேமாவதியின் இடுப்பில் கை வைத்தாள். குழந்தை வீறிட்டு அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டுச் செம்மண்ணில் புரண்டது.

"புள்ள வளத்த லட்சணத்தப் பாரு" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. அழகம்மா மகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதன்பிறகு பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஒரு மத்தியானம் கதீஜா லயத்துக்கே வந்தாள். புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து அழகம்மா முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கம்மா, தெரியாம கடிச்சிட்டா."

"அத விடுங்க லா, அக்கா. புள்ளைக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு சொல்லுங்க. அதுபடி பாத்துக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அழகம்மாவுக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. இப்படிக் கேட்டவர் யாருமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

அவள் கணவன் பரஞ்சோதி வாசற்படியிலிருந்து சொன்னான்: "சத்தம் போட்டா காதப் பொத்திக்குவா. முன்னாடியே சொல்லிட்டுச் செஞ்சா தாங்கிக்குவா."

"இதெல்லாம் எப்பப் பாத்தீங்க?" என்று அழகம்மா அவனைக் கேட்டாள்.

"எனக்கும் புள்ளதானே."

தொடாமல், அவளையே பையைக் கொட்டி, பாவாடையை உதறிக் காட்டச் சொல்வது என்று முடிவாயிற்று. மகளைப் பழக்குவதற்காகப் பரஞ்சோதி வீட்டு வாசலையே கேட்டாக்கி, தினமும் தன் கைலியை உதறிக் காட்டினான். மகள் சிரித்தாள். பிறகு தன் பாவாடையையும் உதறினாள்.

திங்கட்கிழமை காலை கதீஜா இரண்டடி தள்ளி நின்று மெதுவாகச் சொன்னாள்: "பையக் கொட்டு."

"பையக் கொட்டு" என்றபடி பிரேமாவதி சிலேட்டைக் கொட்டினாள். பாவாடையை உதறினாள். பின்னால் பால்வெட்டுக்குப் போக நின்ற யாரோ முனகியபோது கதீஜா திரும்பினாள். "கொஞ்சம் நில்லுங்க. மரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. இடி இடித்த காலைகளில் பிரேமாவதி பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள். "நாளைக்கு வரட்டும்" என்பாள் கதீஜா. பள்ளியில் பிரேமாவதி கதவோரம் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தாள். வாத்தியார் அவள் போக்கில் விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிந்தபோது, கீழ் லயத்துப் பாப்பம்மா தண்ணீர்க் குழாயடியில் அழகம்மாவின் அருகே வந்து நின்றாள்.

"என் மவன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான்க்கா. எல்லாரும் என்னத்தான் ஏசுறாங்க."

"அவனையும் கூட்டிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வா."

வந்தார்கள். பையன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடினான். பிடிக்க எழுந்த பாப்பம்மாவின் கையை அழகம்மா இழுத்து உட்கார வைத்தாள்.

"ஓடட்டும் விடு. இங்க யாரும் ஏச மாட்டாங்க."

பரஞ்சோதி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தான். பாப்பம்மா அன்றுதான் ஒரு கோப்பையை ஆறவிடாமல் குடித்து முடித்தாள்.