வீடு எழுதிய இருபத்தெட்டு நாள்

டாக்டர் கேட்ட ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு அழகம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைய தேதி தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னபோது எண்பத்தாறோடு நின்றுவிட்டாள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, பாதி மதுரையின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னவள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்னதுமே தம்பி தவசி முடிவு கட்டிவிட்டான்.

"விளாங்குடி வீட்டைப் பூட்டிட்டு எங்கூட டி. கல்லுப்பட்டிக்கு வந்துரு அக்கா. தனியாக் கெடந்து அடுப்பை அணைக்க மறந்துட்டா என்னாகுறது?"

அவன் பாசத்தில்தான் சொன்னான். அதனாலேயே அவளால் மறுத்துப் பேச முடியவில்லை.

மகள் முனீஸ்வரிதான் குறுக்கே வந்தாள். திண்டுக்கல்லில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். "ஒரு மாசம் பொறுங்க மாமா. இங்க உக்காந்து பதில் சொல்றது வேற, வீட்டுல இருக்குறது வேற. அம்மா எப்படி இருக்காங்கன்னு வீடே எழுதிக் காட்டும்."

2007-இல் அதற்கென்று கடையில் எதுவும் கிடைக்கவில்லை. திருட்டு அலாரத்துக்கு வைக்கும் காந்த ஸ்விட்சுகளைக் கதவிலும் மாத்திரை டப்பாவிலும் பொருத்தினாள். அடுப்புக்கு மேலே சூடு அறியும் கருவி. கூடத்திலும் சமையலறையிலும் ஆள் நடமாட்டம் அறியும் கருவி. எல்லா ஒயரும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் போனது; எது எத்தனை மணிக்கு நடந்தது என்று அது குறித்துக்கொண்டது.

"குளியலறைப் பக்கம் ஒண்ணும் வரக்கூடாது. படமும் பிடிக்கக்கூடாது" என்றாள் அழகம்மாள். மகள் ஒத்துக்கொண்டாள்.

முதலில் அவளுக்குப் பெரிய ரோதனையாக இருந்தது. யாரோ முதுகுக்குப் பின்னாலேயே நிற்பது மாதிரி. மூன்றாம் நாள் சமையலறைக் கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். சோறு வடித்து முடிப்பதற்குள் அவளே துண்டை எடுத்துவிட்டாள். மறைத்தால், செய்ததும் செய்யாததாகிவிடும்.

இருபத்தெட்டு நாள் கழித்து டாக்டர் மேஜையில் தாள்கள் விரிந்தன. மாத்திரை இருபத்தேழு நாள் வேளைக்கு எடுத்திருந்தாள். வெளியே போன ஒவ்வொரு தடவையும் கதவு பூட்டியிருந்தது. காலை காபி ஒருநாளும் பிந்தவில்லை.

"ஆனா மூணு தடவை அடுப்பு அரைமணி நேரம் சும்மா எரிஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

"நான் அதைத்தானே சொன்னேன்" என்றான் தவசி.

அழகம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க்கால் சீட்டுகளைச் சரிபார்த்த கண் தானாகவே நேரத்துக்குப் போனது. மூன்றும் பதினொரு மணியை ஒட்டி. மூன்றிலும் அவள் சமையலறையை விட்டுக் கூடத்துக்குப் போயிருக்கிறாள். கூடத்தில்தான் போன் இருக்கிறது. விரலால் கிழமையைத் தேடினாள்.

"மூணும் செவ்வாக்கெழமை" என்றாள். "தவசி, உனக்குக் கடை லீவு என்னைக்கு?"

அவன் கடைக்குச் செவ்வாய்தான் லீவு. வாராவாரம் அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான், அக்கா நன்றாக இருக்கிறாளா என்று கேட்க அவன் போன் போடுவான்.

"நாலாவது செவ்வா?" டாக்டர் கேட்டார்.

அவள் கதவுக் கணக்கைப் பார்த்தாள். "காலையில எட்டரைக்குக் கதவைப் பூட்டியிருக்கேன். திரும்ப மூணு மணி."

"அன்னைக்கு நாந்தாம்மா உங்களை அழகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் முனீஸ்வரி.

டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த நோய் இருக்கத்தான் செய்யுதும்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரணும். ஆனா வீட்டை விட்டு உங்களைக் கிளப்புற அளவுக்கு இந்தத் தாள்ல ஒண்ணும் இல்ல. போனை அடுப்படிக்கு மாத்துங்க, போதும்."

"நான் சாயங்காலம் பேசுறேன்க்கா" என்றான் தவசி, குரல் இறங்கி.

"பேசு. பேசாம இருந்துறாத."

அந்த ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரி போனை இடம் மாற்றிவிட்டு, கருவிகளைக் கழற்ற ஸ்டூலில் ஏறினாள். அழகம்மாள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி, கழட்டாத. யாரும் எதுவும் சொன்னா எனக்குச் சாட்சி வேணும்ல."

மகள் இறங்கினாள். அழகம்மாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் வீட்டு அடுப்படிக்குள் போனாள்.