சிங்க் குழாய்க்குப் பின்னால் இருந்த தகடு

என் தம்பி மந்திர தந்திரங்களின் வரலாற்றைப் படித்துப் பேராசிரியர் ஆனவன். மந்திரத்தில் அவனுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் யார் யாருக்குச் செய்வினை வைத்தார்கள், எந்தத் தகட்டில் எழுதினார்கள் என்று கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்து பேசுவான். அன்று பல்கலைக்கழக அரங்கில் அவன் உரை. நானும் அவன் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வாடகை வீட்டில் சிங்க் குழாயை மாற்ற வந்த பிளம்பர், சுவர் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். முன்பு குடியிருந்தவர்கள் வைத்தது என்று தம்பி முடிவு கட்டிவிட்டான். ஆணியால் கீறிய எழுத்தை இப்போது மேடையில் படித்தான்: "இவள் நோய் நொடி இல்லாமல் இந்த வீட்டை விட்டுப் போகட்டும். போன இடத்தில் நன்றாக இருக்கட்டும்."

"திட்டக்கூடத் தெரியாத ஆளு," என்றான். அரங்கமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

அடுத்து, தகட்டைச் சுற்றியிருந்த துணியைத் திரையில் காட்டினான். பெயர் எழுதப் பயந்தவர்கள், யாரைக் குறித்து வைக்கிறார்களோ அவர் உடுத்திய துணியில் ஒரு துண்டைச் சுற்றிவிடுவார்களாம். பச்சைப் பூப் போட்ட துணி. ஓரத்தில் கோணல்மாணலாக மஞ்சள் நூல் தையல். அட, என் பழைய நைட்டி! செல்போன் வைக்க நானே பை தைத்த இடம். ஊர் உலகத்துத் தகட்டையெல்லாம் ஆராய்கிற மகாமேதைக்கு அக்காவின் நைட்டி தெரியவில்லை.

பக்கத்தில் தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முதலில் பொத்துக்கொண்டு வந்தது கோபம்தான். அது நிலைக்கவில்லை. கொஞ்ச நாள் என்று பெட்டியோடு வந்து வருஷக்கணக்கில் தங்கியவள் நான். அவள் சமையலறையை என் இஷ்டத்துக்கு மாற்றியவள் நான். அவர்கள் அறைக் கதவைத் தட்டாமல் திறக்கிறவளும் நான்தான். அவமானம் பிடுங்கித் தின்றது.

பின்வரிசை மாணவி ஒருத்தி, அது பலித்ததா என்று கேட்டாள்.

"பலிக்காமலா? அந்த வீட்டுல இப்ப நாங்கல்ல இருக்கோம்," என்றான் தம்பி. மறுபடியும் சிரிப்பு.

நான் தம்பி மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்கே போயிருப்பேனே."

அவள் நிமிரவில்லை.

"சொன்னேன்க்கா. நீங்கதான், 'என்னை விட்டா உங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா'ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டீங்க."