மாலை மட்டும் போதும்

விழா முடிந்த வீடுகளிலிருந்து எனக்குப் புகைப்படங்கள் வரும். கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். யாரோ ஒரு குழந்தை கேக் வெட்டிக்கொண்டிருக்கும், யாரோ ஒரு மாமா சரியாக அந்த நொடியில் கண்ணை மூடியிருப்பார். அவர்கள் தலைகளுக்குப் பின்னால், மங்கலாக, நான் செய்த காகிதப் பூக்கள் தொங்கும். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மனிதர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பூக்களைப் பார்ப்பேன். ஒட்டு விட்டிருக்கிறதா, நூல் தொய்ந்திருக்கிறதா என்று. அப்புறம் படத்தை மெதுவாகச் சுருக்கி மனிதர்களையும் பார்ப்பேன். எவ்வளவு நேரம் பார்ப்பேன் என்று கேட்காதீர்கள்.

அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் எனக்கு வேலை. வெட்டு இயந்திரம் புத்தகங்களின் ஓரத்தைச் சீவும்போது நீள நீளமாகக் காகித நாடாக்கள் உதிரும். அவற்றை ஒரு சாக்கில் கட்டி எனக்கென்று எடுத்துவைப்பவர் அந்த இயந்திரத்தை ஓட்டும் அண்ணன். எல்லோரும் அவரைக் கட்டிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்தா, உன் நகை," என்று சாக்கைத் தூக்கிப் போடுவார். "எங்க வீட்ல இந்த மாதிரி ஒரு மூட்டையை ஆசையா வாங்கிக்க ஆளு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

சாக்கு வீட்டுக்கு வந்ததும் என் அறைக்கு உயிர் வரும். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வேன். வெங்காயச் சருகை வேகவைத்தால் செம்பழுப்பு, தேயிலைச் சக்கையில் பழைய கடிதத்தின் நிறம், மஞ்சள் தண்ணீரில் மஞ்சள். அதே மஞ்சள் காகிதத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை தொட்டு எடுத்தால் சட்டென்று சிவந்துவிடும். யாரோ காதில் எதையோ சொல்லிவிட்ட மாதிரி. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். திரும்பிப் பார்த்தால், கூடச் சிரிக்க அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். கொடியில் காகிதங்கள் மட்டும் காயும்.

கேட்பவர்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். எப்படிக் கட்டுவது, விழா முடிந்ததும் எப்படிப் பிரித்து மண்ணில் போடுவது என்று சொல்லி அனுப்புவேன். "நீங்களும் வாங்களேன்" என்று சிலர் சொல்வார்கள், செருப்பை மாட்டிக்கொண்டே.

அக்காவின் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. நாலு வருஷத்தில் முதல் செய்தி.

"வரும் ஞாயிறு எங்கள் திருமணத்தின் வெள்ளி விழா. வீட்டிலேயே, சிறிய அளவில். கூடத்துச் சுவருக்கு நீ செய்யும் காகித மாலை வேண்டும். செய்து தர இயலுமா?"

அன்னியர் எழுதியது போலத் தோன்றலாம். இல்லை, எங்கள் வீட்டில் எழுதினால் அப்படித்தான். அப்பா ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதும் எழுத்தர். பேச்சு வேறு, எழுத்து வேறு, இரண்டையும் குழப்பினால் எழுத்தில் சுத்தமில்லை என்று அர்த்தம் என்பார். அதனால் சமையலறைக் கதவில் "சாப்பாடு மூடி வைக்கப்பட்டுள்ளது" என்று சீட்டு ஒட்டியிருக்கும். அக்காவும் நானும் பேசாமல் இருந்த நாட்களில் கண்ணாடியில் "என் சீப்பை எடுத்தவர் உடனே திருப்பித் தரவும்" என்று எழுதி வைப்பாள். வீட்டில் இருந்ததே இரண்டு பெண்கள்தான்.

நாலு வருஷத்துக்கு முந்திய அந்தச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாள். அத்தான் கூடம் முழுக்கப் பலூனும் தெர்மாகோல் எழுத்தும் ஜிகினாத் தூளுமாக நிறைத்திருந்தார். நான் அப்போதுதான் இந்த வேலையில் தீவிரமாக இறங்கியிருந்தேன். அத்தானின் அலுவலக மேலாளர் ஜிகினா வெடிக்கும் ஒரு குழாயைக் கையில் வைத்திருந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தத் தூள் எந்தெந்தச் சாக்கடை வழியாக எந்தெந்த மீனின் வயிற்றுக்குப் போகும் என்று விளக்க ஆரம்பித்தேன். இருபது நிமிஷம். மெழுகுவர்த்திகள் உருகிக் கேக்கின் மேல் வழிந்தன. குழந்தை ஊதுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அவள் அழுதாள். நான் அதைக் கவனிக்கவில்லை, அதுதான் உண்மை.

"உனக்குப் பூமிதான் கண்ணுக்குத் தெரியுது," என்று அக்கா சொன்னாள். "பக்கத்துல நிக்கிற புள்ள தெரியலை."

நான் சொன்னது சரிதானே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவளே கூப்பிடட்டும் என்று நான் காத்திருந்தேன். அவளும் அப்படியே காத்திருந்திருப்பாள். இரண்டு பேரும் அப்பாவின் பிள்ளைகள்.

அன்று இரவு வரை பதிலை எழுதி எழுதி அழித்தேன். 'நானும் வரலாமா' என்பதை எப்படி எழுதினாலும் கெஞ்சுவது போல் இருந்தது. கடைசியில் வேலையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இயலும். காலையிலேயே நேரில் வந்து கட்டித் தரட்டுமா?"

பதில் உடனே வந்தது.

"வேண்டாம். மாலை மட்டும் போதும்."

இரண்டு தடவை படித்தேன். "சரி" என்று அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தேன்.

அந்த நான்கு நாளும் செய்ததைப் போல நான் எதையும் செய்ததில்லை. கோபத்தில் செய்தால் மடிப்பு கூர்மையாக விழும் என்பது அப்போது தெரிந்தது. அக்கா வீட்டுக் கூடத்துச் சுவர் எனக்கு மனப்பாடம். ஜன்னலிலிருந்து உள் கதவு வரை பதினாறு ஜாண். நாடாவை ஊசியில் சுற்றி, நுனியைப் பசை தொட்டு ஒட்டி, விரலால் நடுவை அழுத்தி விட்டால் ஒரு பூ. தேயிலை நிறத்தில் பத்து, வெங்காய நிறத்தில் பத்து, நடுநடுவே சிவந்த மஞ்சள். நூலும் பருத்திதான். நான் போகாத அந்த வீட்டில் என் பதினாறு ஜாண் போய்த் தொங்கும். வந்தவர்கள் "யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். அக்கா என்ன சொல்வாள்? 'தங்கச்சி' என்பாளா, 'ஒருத்தங்க செஞ்சு தர்றாங்க' என்பாளா? சனிக்கிழமை முழுக்க இதையே இரண்டு குரலிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை மாலையை எடுத்துப்போகக் கட்டிங் அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். அவர் வீடு அக்கா வீட்டுப் பக்கம்தான்.

"நீ வரலியா? சொந்த அக்கா வீட்டு விசேஷம்."

"மாலை மட்டும் போதும்னுட்டாங்க."

"அப்பிடியா சொன்னாங்க?" மாலை வைத்த டப்பாவை முன்னால் வைத்துக் காலால் இடுக்கிக்கொண்டார். "என் தம்பி கல்யாணத்துக்கு என்னை யாருமே கூப்பிடலை. நானாதான் போய் நின்னேன். அப்புறம் பந்தி முழுக்க என்னைத்தான் பரிமாற விட்டானுங்க. போகாமயே இருந்திருக்கலாம்."

சிரித்தேன். ஸ்கூட்டர் திரும்பிப் போனதும் அறை மிகவும் பெரிதாக இருந்தது. தரையைப் பெருக்கினேன். ஊசிகளை அளவுவாரியாக அடுக்கினேன். மதியம் பழைய புகைப்படங்களைத் திறந்து, தெரியாத வீடுகளின் தெரியாத மனிதர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வெயில் கொடியில் மிச்சமிருந்த இரண்டு நாடாக்களின் நிழலைச் சுவரில் நீளமாக இழுத்தது.

ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. புது எண்.

"சித்தி, நான்தான்."

குரல் அடையாளம் தெரியவில்லை. உலகத்தில் என்னைச் சித்தி என்று கூப்பிட ஒருத்திதான் உண்டு என்பதால் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வயதுக் குரல் போய், அதே இடத்தில் யாரோ ஒரு பெரிய பெண் நின்று பேசினாள்.

"ஏன் சித்தி வரலை?"

"உங்கம்மாதான் வேண்டாம்னுட்டாங்களே."

"அம்மாவா? அவங்க நாலு மணிலேர்ந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துட்டு இருக்காங்க. தரை தேஞ்சுபோச்சு."

"மெசேஜ்ல இருக்கும்மா. வேண்டாம், மாலை மட்டும் போதும்னு."

அந்தப் பக்கம் அவள் அதை மறுபடி முணுமுணுத்துப் பார்த்தாள்.

"சித்தி," என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "நீங்க காலையில வரட்டுமான்னு கேட்டீங்க. காலையில வேண்டாம், சாயங்காலம் மட்டும் வந்தா போதும்னு எழுதியிருக்காங்க. காலையில அப்பா ஆபீஸ்காரங்க வந்தாங்க. அந்த மேனேஜரும். நீங்களும் அவரும் மறுபடி ஒரே கூடத்துல வேணாம்னுதான். சாயங்காலம் நாம நாலு பேர் மட்டும்."

நான் தரையில் உட்கார்ந்தேன். நான்கு நாளாக என் கையில் இருந்தது நூலில் கோத்த மாலை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. வாய் திறந்தால் சாயங்காலம் என்றே சொல்லும் அக்கா, எழுத உட்கார்ந்ததும் அப்பாவின் பிள்ளையாகிவிட்டாள்.

"டப்பாவைப் பிரிக்கக்கூட இல்ல," என்றாள் அக்கா மகள். "நீங்க வந்து கட்டுவீங்கன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இப்போ அதையும் சொல்லலை."

பேருந்தில் முப்பது நிமிஷம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கதவைத் திறந்தது அக்கா. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. அது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"வந்துட்டியா."

"ம்."

"செருப்பை உள்ள விடு. வெளில நாய் தூக்கிட்டுப் போயிடும்."

நாய் வேறு வந்திருக்கிறது இந்தத் தெருவுக்கு. அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். என்னைக் 'குப்பை டீச்சர்' என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். நான் முறைப்பேன், அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார். இன்று, "வாங்க, உக்காருங்க," என்றார். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

அக்கா உட்காரவில்லை.

"எழுதினது புரியலைன்னா கேக்கணும்ல?"

"புரிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்."

"ஒரு நிமிஷம்கூட ஆகலை, 'சரி'ன்னு போட்டுட்ட. நான் பாத்துட்டேதான் இருந்தேன். வர்றேன்னு ஒரு வார்த்தை இல்ல, எத்தனை மணிக்குன்னு இல்ல. இன்னைக்குக் காலையில ஒரு ஆள் டப்பாவைக் குடுத்துட்டு, அவங்க வரலைன்னு போறார். சரி, இவளுக்கு இன்னும் ஆறலைன்னு நெனச்சேன். அப்பவும் சாயங்காலம் வருவியான்னு வாசலைப் பாத்துட்டு இருந்தேன்."

"நீ வேண்டாம்னு எழுதியிருந்த."

"வேண்டாம்னா விட்டுருவியா? நாலு வருஷம் கழிச்சு நான் காகிதத்துக்கா கூப்பிடுவேன்? கடையில கெடைக்காத காகிதமா அது?"

"அதுக்குத்தான்னு நெனச்சேன். எல்லாரும் அதுக்குத்தான் கூப்பிடுவாங்க."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா டப்பாவை என் முன்னால் நகர்த்தினாள்.

"கட்டு."

பிரித்தேன். அக்கா மகள் ஒரு முனையைப் பிடிக்க, நான் ஜன்னலிலிருந்து நடந்தேன். ஒன்பதாவது ஜாணில் நின்றுவிட்டேன். எதிரே ஓர் அலமாரி, கூரை வரைக்கும்.

"இந்தச் சுவர் இப்ப அவ்வளவு இல்ல," என்றாள் அக்கா. "அலமாரி வந்து மூணு வருஷமாச்சு."

மிச்ச ஏழு ஜாணும் என் கையில் தொங்கியது. வெட்டிவிடலாம், ஒரு கத்திரி போதும். கேட்கத் தோன்றவில்லை. ஜன்னலிலேயே இரண்டு மடிப்பாக வளைத்துக் கட்டினேன். ஒரு பக்கம் கனத்துப்போய், கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தது. "நல்லாருக்கு," என்றார் அத்தான். "நல்லால்ல," என்றாள் அக்கா, "இருக்கட்டும்."

நாலு பேரும் தேநீர் குடித்தோம். எனக்கு மட்டும் கோப்பைக்குக் கீழே தட்டு வைத்திருந்தார்கள். அக்கா மகள் தன் கல்லூரி ஆசையைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்ததால் அதிகம் கேட்க முடியவில்லை. பிறகு அவள் படிக்க எழுந்துபோனாள். அத்தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், குழாய்த் தண்ணீர் விழுந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடியும் முன்பே எழுந்தது, முட்டி வலி, வைத்தியர் நடக்கச் சொன்னது, நடந்தால் இன்னும் வலிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அப்போல்லாம் உன்னைக் கூப்பிடலாமான்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கியிருந்தாள். தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. நினைத்ததை விடக் கனமாக இருந்தது.

அத்தான் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையால் காட்டினார். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கூடத்து விளக்கில் ஒன்றை அணைத்துவிட்டுப் போனார்.

விழித்ததும் அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. நேரமாச்சு, கிளம்பு என்றும் சொல்லலாம். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. என் இடது கை முழுக்க மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.