சின்னதா இருந்தா கொண்டு வாங்க

பாட்டில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. விளக்குப் பலகைக்கு முன்னால் ஒவ்வொன்றும் ஒரு நொடி பளிச்சென்று ஒளிர்ந்துவிட்டு நகர்ந்து போனது. அந்த ஒரு நொடிக்குள் பார்த்துவிடுவதுதான் அவன் வேலை. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி, வாய்ப்பக்கம் மயிரிழை விரிசல், அடியில் ஒட்டிய கரித்துகள், எதுவாக இருந்தாலும் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இடப்பக்கத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். பல வருடங்களாக இதையே செய்து அவன் கண்ணுக்குக் குறை தேடும் புத்தி வந்துவிட்டது. சலவைக்குப் போய் வந்த சட்டையில், புதிதாகச் சாயமடித்த சுவரில், எதிரில் நின்று பேசுகிறவர்களின் பல்வரிசையில் எல்லாம் முதலில் கோணல்தான் தெரியும். அன்றைக்கு ஒரு விரிசல் பாட்டிலை அவன் விட்டுவிட்டான். அடுத்த மேசைக்காரர் எட்டி அதை எடுத்துத் தொட்டியில் போட்டார். கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாத மனிதர். அதனால் எல்லோருக்கும் அவர் தொப்பி அண்ணன்.

"என்னப்பா, கண்ணு இங்க இருக்கு, புத்தி கேமராக் கடையில இருக்கா?"

"பெருசா சின்னதான்னு முடிவுக்கே வர முடியல அண்ணே."

"நான் சொல்றேன் கேளு. கல்யாணமான புதுசுல நானும் பெருசுதான் வாங்கினேன். லென்ஸ மாத்தி மாத்திப் போடற ஜாதி. நாலு படம் எடுத்திருப்பேன். அப்புறம் அலமாரி மேல அதுக்குத் தனிப் படுக்கை. போன வருஷம் எடுத்துப் பாத்தா உள்ள பூஞ்சை பூத்துக் கெடக்கு. இன்னிக்கும் தூசி தட்டறப்போ பொண்டாட்டி என்னையும் சேத்துத்தான் தட்டுவா. சின்னது வாங்கு. பையில போட்டமா, எடுத்தமான்னு இருக்கும்."

அவன் சிரித்தான். சிரிக்க முடிந்தது அவனுக்கே விநோதமாக இருந்தது.

குழந்தை பிறக்க வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. மனைவிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, மயக்க மருந்து கொடுத்து, அறுவை செய்து எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு சின்னக் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி கிடையாது. அவள் கண் விழிப்பதற்குள் ஆம்புலன்ஸ் குழந்தையை ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டு, கிருமி போன பிறகுதான் குழந்தை பக்கத்தில் போகலாம் என்றார்கள். பெற்றவள் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்த்தவன் அவன் ஒருவன்தான். காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துக் குழந்தையிடம் போவான், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மனைவியிடம். அவள் கேள்விகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"மூக்கு யாரு மாதிரி?"

மூக்கில் குழாய். குழாய் நழுவாமலிருக்கக் கன்னம் முழுக்க பிளாஸ்திரி. "உன்ன மாதிரிதான்" என்றான்.

"நேத்து உன் மூக்குன்னு சொன்னே."

ஒரு நொடியில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றும் அவளிடம் கொண்டுபோக ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் சொல்லக்கூடியதாக இல்லை. தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகள் வெளியே தெரிந்தன. காது நனைந்த காகிதம் போல மடிந்து கிடந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தது. அவன் கண் அவன் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தது. "நல்லாருக்கா" என்று மட்டும் சொல்வான்.

"எவ்ளோ கனம் இருக்கா?"

குழந்தையின் பெட்டியில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னான்.

"நம்பர் வேணாம். கைக்கு எவ்ளோ இருக்கும், அத சொல்லு."

அவளும் அதே தொழிற்சாலைதான், பாக்கிங் பிரிவு. அவன் கண்ணால் பார்ப்பதை அவள் கையால் பார்ப்பாள். மூடிய அட்டைப்பெட்டியை லேசாக ஒரு தூக்குத் தூக்கி, உள்ளே ஒரு பாட்டில் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். திறந்து பார்த்தால் குறையும். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் பேச்சுக் கொடுக்க அவன் கண்டுபிடித்த வழியே வேண்டுமென்று ஒரு பாட்டிலைக் குறைத்து அனுப்புவதுதான். அந்த ஞாபகத்தில், "நம்ம பெரிய பாட்டில் ரெண்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவள பாட்டிலோட சேக்காதே."

அவனுக்கும் அந்தக் கனம் தெரியாது என்பதை அவன் சொல்லவில்லை. யாரும் தூக்க விடவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துவாரம் வழியாக ஒரு விரலை நீட்டலாம், அவ்வளவுதான்.

படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது என்று அப்போதுதான் முடிவானது. கைபேசியை வார்டு வாசலிலேயே பூட்டு போட்ட பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் இயந்திரங்களுக்கு ஆகாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நர்ஸிடம் கேட்டான். முகமூடிக்கு மேலே தெரியும் கண்களைத் தவிர அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. "கேமரான்னா பரவால்ல. சின்னதா இருந்தா கொண்டு வாங்க" என்றாள். "ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. நாங்க குடுக்கற மருந்தால துடைச்சிட்டுத்தான் உள்ள எடுத்துட்டு வரணும்."

ஃபிளாஷ் கூடாது என்ற இடத்தில் சிக்கல் ஆரம்பித்தது. அந்த வார்டில் எப்போதும் சாயங்கால வெளிச்சம்தான். பெட்டிகளின் மேல் துணி வேறு போர்த்தியிருப்பார்கள். மங்கிய வெளிச்சத்தில் சின்னக் கேமரா எடுத்த படங்களை அவன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான். யாரோ ஒரு பொம்மையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பொம்மையின் கன்னத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள். அந்தப் புள்ளிகளோடு ஒரு படத்தை அவளிடம் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தொட்டு இது என்ன, இது என்ன என்று கேட்பாள். பெரிய கேமராவில் அதே பொம்மை கன்னம் மழமழவென்று இருந்தது. ஆரம்பநிலைக்காரர்களுக்கு என்று போட்டிருந்தாலும் அது கழுத்தில் வாரோடு, துருத்திய லென்ஸோடு, ஒரு சின்ன மிருகம் மாதிரி இருந்தது. அவன் ஒப்பீடுகளைப் படித்தான். முன்பின் தெரியாதவர்கள் போட்டுக்கொண்ட சண்டைகளைப் படித்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. டாக்டரிடம் எது கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். இங்கே யாரும் எதற்கும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பதில், பதிலுக்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு உதாரணப் படம். "ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாயேன்" என்று மனைவி தினமும் சொன்னாள். அவன் தினமும் நாளைக்கு என்றான்.

அவளுடைய அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதைச் சொன்னாலும் பக்கத்து சீட்டிலிருந்து சொல்வது போலவே இருக்கும். வாங்கிக்கொடுப்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"தயங்காதே மாப்ளே. ரோட்டுல தயங்கறவன்தான் இடிப்பான். வாங்கறதே வாங்கற, பெருசா வாங்கு. நாளைக்கு அவ ஓடுவா, சைக்கிள் விடுவா, ஸ்கூல்ல மேடை ஏறுவா. அதெல்லாம் சின்னதுல நிக்குமா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போலாகி, டீ கிளாஸுக்குள் பார்த்தார். அவனும் தன் கிளாஸைப் பார்த்தான். அதற்குப் பிறகு அது வெறும் கேமரா விஷயமாக இல்லை. பெரியது வாங்கினால் சைக்கிளும் மேடையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு வருடங்களை இப்போதே கேட்பது பேராசையோ என்று பயமாக இருந்தது. சின்னது வாங்கினால் என்ன அர்த்தம் என்பதை அவன் யோசிக்கவில்லை. யோசனை அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்தான்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனான். தொப்பி அண்ணன் சொன்னதுதான் சரி, சின்னது, என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். விற்பனைப் பெண் இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள்.

"எத எடுக்கப் போறீங்க சார்? ஊரு பாக்கவா, விசேஷத்துக்கா?"

"குழந்தைய."

"ஓடற குழந்தையா? ஓடற குழந்தைன்னா சின்னது கை கொடுக்காது. நீங்க அமுக்கறதுக்குள்ள அது அடுத்த ரூமுக்குப் போயிருக்கும்."

"ஓடாது."

"படுத்திருக்கற குழந்தையா? அப்ப இதுவே போதும்." சின்னதை முன்னால் நகர்த்தினாள். பிறகு, நேர்மையான வியாபாரி என்பதால், "ஆனா பின்னாடி ஓடுமில்ல சார்?" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவன் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குத் தேர்வு கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்த அவள் பெரியதை எடுத்து நீட்டினாள். "சும்மா கையில புடிச்சுப் பாருங்க. வாங்கணும்னு இல்ல." அவன் கையில் வாங்கிப் பிடித்தான். "அப்படி இல்ல சார். வலது கை பட்டன் அமுக்கத்தான். கனம் பூரா இடது கையில வரணும். உள்ளங்கைய அடியில குடுங்க. ஆ, அப்படித்தான். தாங்கலைன்னா லென்ஸ் முன்னாடி சாஞ்சிடும்."

உள்ளங்கையில் கனம் இறங்கியது. பாட்டிலின் கனம் அல்ல அது. கொஞ்சம் ஒருபக்கமாக, உள்ளுக்குள் ஏதோ நிறைந்த கனம்.

"இது எவ்ளோ வெயிட்டும்மா?"

அவள் பெட்டியைத் திருப்பிப் படித்தாள். லென்ஸும் பேட்டரியும் சேர்த்து ஒரு எண். நேற்று குழந்தையின் அட்டையில் எழுதியிருந்ததைவிட ஒரு பென்சில் அளவுக்குத்தான் குறைவு. அவன் கண்ணாடி மேசைக்கு முன்னால் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகாமல், எதையும் படம் பிடித்துப் பார்க்காமல், அப்படியே தாங்கிக்கொண்டு நின்றான். இவ்வளவுதானா என்றும் இருந்தது, இவ்வளவு இருக்கிறாளா என்றும் இருந்தது.

"ஆன் பண்ணிப் பாக்கலையா சார்?"

"வேணாம். இதயே குடுத்துடுங்க."

வார்டு வாசலில் நர்ஸ் கேமராப் பெட்டியைப் பார்த்ததும் கூடாது என்று தலையசைத்தாள். "சின்னதா இருந்தான்னுதானே சொன்னேன்?"

"உள்ள வெளிச்சம் கம்மின்னு..."

"இத எங்கன்னு துடைக்கறது, நீங்களே சொல்லுங்க. பாருங்க, எத்தனை இடுக்கு. உள்ள மத்த குழந்தைங்களும் இருக்காங்க."

"தப்புதான் சிஸ்டர்."

அவள் உடனே போய்விடவில்லை. "யார்கிட்டயாவது கேட்டுச் சின்னதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள். கொஞ்சம் குரலைத் தணித்து, "நாளைக்கே எடுத்துட்டு வாங்க" என்றாள். ஏன் நாளைக்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று தோன்றியதால்தான் கேட்கவில்லை. கேமராவை வாசலில் கைபேசியோடு பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். நேற்று இல்லாத இன்னொரு குழாய் இருந்தது. துவாரம் வழியாக விரலை நீட்டினான். நேற்று பிடித்தாள். இன்று அந்தக் கை விரல்மேல் சும்மா கிடந்தது.

அடுத்த பஸ்ஸில் அவன் போய்ச் சேர்ந்தபோது மனைவி தலைவாரி, தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேமரா வாங்கப் போவதாக அண்ணனிடம் அவன் சொன்னது அவளுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"காட்டு."

"உள்ள விடல."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "பெருசா?"

"ம்."

"சின்னதுன்னுதானே அவங்க சொன்னதா சொன்னே?"

"ம்."

"ஊரெல்லாம் விசாரிச்ச, கம்ப்யூட்டர்ல கண்ணு பூத்துப்போற வரைக்கும் படிச்ச. கடைசில எது வேணாமோ அத சரியா பாத்து எடுத்துட்டு வந்திருக்க." குரல் உயரவில்லை. உயர்த்த அவளுக்குத் தெம்பில்லை. "நான் என்னதான்யா செய்வேன்? கனவுலகூட அவளுக்கு முகம் இல்ல."

அவன் பெட்டியைத் திறந்து, நுரைத் தக்கைகளுக்கு நடுவிலிருந்து கேமராவை எடுத்தான்.

"கைய நீட்டு."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் எடுக்கத் தெரியாது."

"எடுக்க இல்ல. நீட்டு."

இரண்டு கைகளையும் நீட்டினாள். இடது கையின் மேல்புறத்தில் ஊசியும் பிளாஸ்திரியும். அவன் கேமராவை அவள் கைகளில் வைத்தான். பழக்கதோஷத்தில் அவள் கைகள் லேசாக ஒரு தூக்குத் தூக்கின. பாக்கிங் மேசையில் ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் தூக்கும் அதே தூக்கு. பிறகு அப்படியே நின்றுவிட்டன. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோவா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்." சட்டைப் பையில் துழாவினான். கண்ணாடியில் குறி போடும் தடித்த பென்சில் கிடைத்தது. அதை எடுத்துக் கேமராவின் மேல், உருண்டு விழாதபடி வாருக்கு அடியில் சொருகி வைத்தான். "இப்ப சரி."

அவள் மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை என்பது போலத் தலையசைத்தாள். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள் எதற்கோ சிரித்தார்கள். அவள் கேமராவை மெதுவாக நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சேர்க்கும்போது லென்ஸ் முன்பக்கம் சாய்ந்தது. ஊசி குத்திய இடது கை, யாரும் சொல்லித்தராமலே, அதன் அடியில் போய் உள்ளங்கையை விரித்துத் தாங்கிக்கொண்டது.

ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து போய், குழந்தையின் வார்டில் இருக்கும் அளவு வெளிச்சமே மிஞ்சும்படி, சத்தம் எழாமல், திரையை இழுத்துவிட்டான்.